கருமணி நீலனின் இரண்டாம் சாட்சி

“நான் பாத்ததை யாருகிட்டயும் சொல்லலீன்னா, அது பாக்காததா ஆயிருமாப்பா?”

நாச்சிமுத்துவின் மகள் தமயந்தி ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. மூங்கில்பள்ளத்துக்குப் போகும் காட்டுப்பாதையின் முகப்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அதன் முன்னால் நின்றுதான் கேட்டாள். பள்ளத்துக்குள் பதினோரு வீடுகள் கொண்ட ஒரு பதி உண்டு. அந்தப் பதிக்காரர்களுக்கு ஒரு வழக்கம். காட்டுக்குள் நுழையும்போது ஒரு கொத்துத் தழை ஒடித்துக் கல்லின் மேல் வைப்பார்கள். திரும்பி வரும்போது உள்ளே எதைக் கண்டோம் என்று கல்லிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தழையை எடுத்துவிடுவார்கள். யானை கண்டேன், கரடித்தடம் கண்டேன், தேன்கூடு கண்டேன். ஒன்றும் காணாவிட்டால் அதையும் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர் காதில் விழட்டும் என்று ஏற்பட்ட வழக்கம். பின்னால் யாரும் வராத நாட்களிலும் அதை அவர்கள் விடவில்லை.

மகளின் கேள்விக்கு நாச்சிமுத்து சிரித்து மழுப்பினார். பக்கத்தில் நின்ற மாசாணன்தான் பதில் சொன்னார். பதியைச் சேர்ந்தவர், வனத்துறையில் வேட்டைத்தடுப்புக் காவலர்.

“ஆகாது பாப்பா. உள்ளயே கெடந்து கனக்கும். அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. தமயந்தி சென்னையில் படிக்கிறாள். நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு வயது. உடுமலைக் கடைவீதியில் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப்பேருக்கு பஸ் போர்டு தெரிவது அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியால்தான். காலையில் திருநீறு பூசி, கந்தன் படத்துக்கு ஒரு முழம் பூ வைத்துவிட்டுத்தான் கடையின் ஷட்டரைத் தூக்குவார். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷர் என்று ஊர் சொல்லும். அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார், ஜம்ரூத் வரும் வரைக்கும்.

பட்டாம்பூச்சி பார்ப்போர் சங்கத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள். சொந்தக்காரர்களும் கூட்டாளிகளும் ஒன்றாகச் சேரக் கூடாது. அந்த வருஷம் நாச்சிமுத்துவின் சீட்டில் வந்த பெயர் ஜம்ரூத் பேகம். மேட்சிங் சென்டரில் ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுப்பவள். நாற்பது வயது. காட்டுக்குப் புதியவள்.

“ஏண்ணே, போட்டோ எடுத்தாப் பத்தாதா?” என்று முதல்நாளே கேட்டாள். கல்லின் மேல் தழை வைத்துவிட்டு ஓடைக்கரையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். “கூட ஒருத்தர் நின்னு பாத்தேன்னு சொல்லோணுமாக்கும்?”

“இன்னிக்கு யாரு வேணா செல்லுல ஒரு வார்த்தை சொன்னா, காண்டாமிருகம் பந்தியில உக்காந்து பாயசம் குடிக்கற படம் வந்து நிக்குது. கோர்ட்டுலயே போட்டோவை நம்பறதில்லம்மா. அதுக்குத்தான் இந்தப் பெட்டி.”

இருவர் கழுத்திலும் சாட்சிப்பெட்டி தொங்கியது. கேமராதான். ஆனால் கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் இன்னொரு சின்னக் கண் இருக்கிறது. பார்க்கிறவருடைய கண்மணி எந்த நொடியில் விரிந்தது, எதைப் பார்த்து விரிந்தது என்று அது குறித்துக்கொள்ளும். அதற்குக் கண்முத்திரை என்று பெயர்.

“ஒருத்தர் படம் எடுத்தவொடனே இன்னொருத்தர் பெட்டி கேக்கும், கண்டேனா, காணலையான்னு. கண்டேன்னு அமுத்துனாத்தான் பதிவேட்டுல ஏறும்.”

“நம்ம கண்ணு பாத்தது அதுக்குத்தான் தெரியுதே. அப்புறம் எதுக்கு நம்மளக் கேக்குது?”

“கண்ணு வெயிலுக்கும் மாறும், பயத்துக்கும் மாறும். மனுசன் தானா ஒத்துக்கிட்டாத்தான் சாட்சின்னு சட்டத்துல வச்சுட்டாங்க.”

ஜம்ரூத் சிரித்தாள். “இத்தனை மிசினு கண்டுபிடிச்சு, கடைசியில மனுசனத்தான் நம்போணும்னு வந்து நிக்கறாங்களா? நல்லாத்தான் இருக்கு.”

சாதாரண விஷயமில்லை அது. அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் இப்போது மலைகளின் தலையெழுத்து. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓர் உயிரை உரியது என்று குறித்திருந்தார்கள். மூன்று வருஷம் தொடர்ந்து அந்த உயிரை யாரும் சாட்சியோடு காணாவிட்டால் பள்ளம் ‘காலி’. காலியான இடத்தில் அணை கட்டலாம், மின்சாரத்துக்குக் கண்ணாடித் தகடு பரப்பலாம், அங்கே குடியிருப்பவர்களை வேறிடம் அனுப்பலாம். மூங்கில்பள்ளத்துக்கு உரியது கருமணி நீலன். கட்டைவிரல் நகத்தளவு பட்டாம்பூச்சி. உள்சிறகு நீலம், வெளிச்சிறகின் ஓரத்தில் கருகமணி கோத்தாற்போல ஒரு வரிசை. அந்தப் பள்ளத்துக் கொடி ஒன்றைத் தவிர வேறெதிலும் முட்டை இடாது. அதைக் கண்டு இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. வருகிற தை முடிவதற்குள் யாராவது கண்டாக வேண்டும்.

“நான் கண்டுபிடிச்சுத் தர்றேன் மாசாணா. நீ தைரியமா இரு,” என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார். அதற்காக நாற்பது முறை பள்ளத்தில் இறங்கியிருந்தார். உரிய உயிரைக் கண்டு பள்ளத்தைக் காப்பாற்றியவர் பெயரை முகப்பில் பலகையில் எழுதுவார்கள். அந்தப் பலகையில் தன் பெயர் எந்த உயரத்தில் இருக்கும் என்பதுவரை அவர் மனசுக்குள் பார்த்து வைத்திருந்தார்.

சித்திரை மழை இரண்டு பெய்து ஓடைக்கரை மண் ஈரமானதும் அழகிகளும் வெள்ளையன்களுமாகப் பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வந்து உப்பு உறிஞ்சின. நாச்சிமுத்து மண்டியிட்டுக் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஜம்ரூத்தின் குரல் மெதுவாக வந்தது.

“அண்ணே, அந்தக் காஞ்ச இலைக் கும்பல்ல பாருங்க. ஒண்ணு மட்டும் வெங்காயச்சருகுக் கலருல துளியூண்டு ரோஸ் கலந்திருக்கு. அது இலையில்லண்ணே.”

அவர் பார்த்தார். இலைகள்தான் தெரிந்தன. மறுபடி பார்த்தார். ஓர் இலை சிறகு விரித்து எழுந்து பறந்தது. அதற்குள் அவள் படம் எடுத்திருந்தாள். அவர் பெட்டி கேட்டது. கண்டேன் என்று அமுக்கினார். அப்போது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனியில் அட்டை கடிக்கக் கடிக்க நடந்தார்கள். மழைக்கு ஒதுங்கி இலைகளின் அடியில் தொங்குகிறவற்றை அவள் அண்ணாந்தே பார்க்காமல், ஓடைத் தண்ணீரில் தெரியும் நிறத்தை வைத்துச் சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகப் பச்சையில் ஐம்பது வகை, நீலத்தில் நாற்பது வகை பிரித்துக் கொடுத்த கண். கல்யாண வீட்டுக்காரர்கள் புடவையைக் கடையில் விரிக்கும்போதே எத்தனையாவது அடுக்கில் எந்தத் துணி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு பழைய நோட்டில் பட்டாம்பூச்சியின் பெயரை எழுதி, பக்கத்தில் சிறகின் நிறத்துக்கு ஒத்த ஒரு துண்டுத் துணியை ஒட்டிவைப்பாள். “இது கத்திரிப்பூ. இது மயில்கழுத்து. இதுக்கு இன்னும் பீஸு கெடைக்கலண்ணே, சூரத்துல இருந்து லோடு வரோணும்.”

“அப்படியெல்லாம் கலரை வச்சுச் சொல்லக் கூடாதும்மா. சிறகு நரம்பைப் பாக்கோணும்,” என்றார் நாச்சிமுத்து.

“சொல்லிக்குடுங்கண்ணே, கத்துக்கறேன்.”

அவள் உண்மையாகவே கற்றுக்கொண்டாள். அது அவரை இன்னும் எரித்தது.

பொறாமை வாசலைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. முதலில் அவளுடைய செருப்பைப் பற்றிக் குறை சொல்லத் தோன்றியது. பிறகு அவள் கொண்டுவந்த இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் பத்தவில்லை என்று தோன்றியது. சங்கத்துப் பட்டியலைக் காலையில் ஒருமுறை, கடை சாத்தும்போது ஒருமுறை பார்க்கிற பழக்கம் வந்தது. நாச்சிமுத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது, பதினைந்து வருஷத்தில். ஜம்ரூத் பேகம் நூற்றுப் பன்னிரண்டு, ஆறே மாதத்தில். அந்த நூற்றுப் பன்னிரண்டுக்கும் ‘கண்டேன்’ என்று அமுக்கியது அவருடைய கட்டைவிரல்.

டீக்கடையில் ஒருத்தர் சும்மா கேட்டார்: “ஏனுங் நாச்சிமுத்து, உங்க ஜோடி பொம்பளைக்கு என்ன கண்ணுங்க! உங்க கடைக் கண்ணாடியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து திருநீற்றுத் தட்டில் கை வைத்தபோது, இன்று என்ன வேண்டிக்கொள்வது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

ஐப்பசியில் வரியன் பட்டாம்பூச்சிகள் சமவெளியிலிருந்து மலையேறின. ஆயிரம், பத்தாயிரம் என்று பள்ளத்தின் மேல் நீல ஆறாக ஓடின. ஜம்ரூத் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு புதரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். பெட்டி கண்ணில் இருந்தது, விரல் சும்மா இருந்தது. இவளுக்கு என்ன ஆச்சு என்று அவள் பார்த்த திசையில் அவரும் பெட்டியைத் திருப்பினார். ஆயிரம் வரியன்களுக்கு நடுவே ஒரே ஒரு மழைக்கருப்பன்! அந்த மலையில் எட்டு வருஷமாகக் காணாதது. அவர் எடுத்தார். இருநூறு.

“மாஷா அல்லா! இருநூறு ஆயிருச்சுண்ணே!” என்று கை தட்டியவள் அவள்தான். பெட்டி கேட்டு முடிப்பதற்குள் கண்டேன் என்று அமுக்கிவிட்டாள். முந்திவிட்டேன் என்ற நினைப்பில் அன்று முழுக்க அவர் நடையே மாறியிருந்தது.

பிறகு தை வந்தது.

தை பன்னிரண்டு. பனி விலகி முதல் வெயில் பள்ளத்துக்குள் சாய்வாக இறங்கிய நேரம். குளிர்காலத்தில் பட்டாம்பூச்சிகள் அந்த வெயிலுக்குச் சிறகை விரித்துப் போட்டுக் காயும். மூங்கிலுக்குப் பின்னால் அந்தக் கொடி. அதில் ஒரு தளிர். தளிரின் நுனியில் நீலம்.

நாச்சிமுத்து கண்டார். பெட்டித் துளை வழியாக, மிகத் தெளிவாக. கருகமணி வரிசைகூடத் தெரிந்தது. விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனார். ஷட்டர் சத்தம் கேட்டது. அது அவருடைய பெட்டியிலிருந்து வந்ததல்ல.

நீலன் எழுந்து மூங்கிலுக்குள் போய்விட்டது.

“அண்ணே,” என்றாள் ஜம்ரூத். கண்ணில் தண்ணீர். “அண்ணே, கிடைச்சிருச்சு. மாசாணண்ணன் வீடெல்லாம் தப்பிச்சுது.”

அவர் பெட்டி கேட்டது: கண்டேன், காணவில்லை.

மனிதன் கெடுவதற்கு நீண்ட நேரம் தேவையில்லை. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது என்று அவர் நினைத்தார். இடம் தெரிந்துவிட்டது. நாளைக்கே வந்து நானே எடுப்பேன். பள்ளமும் பிழைக்கும், பலகையில் என் பெயரும் வரும். யாருக்கும் நஷ்டமில்லை. நாற்பது முறை இறங்கியவன் நான், இவள் எத்தனை முறை?

கட்டைவிரல் ‘காணவில்லை’ மேல் இறங்கியது.

ஜம்ரூத்தின் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “பாக்கலியாண்ணே?”

“வெயிலு கண்ணுல அடிச்சிருச்சும்மா. என்னமோ பறந்தாப்ல இருந்துது. என்னன்னு தெரியல.”

அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் வரவில்லை. அதுதான் கொடுமை. “பரவால்லண்ணே. உங்க கண்ணுக்கு அது காட்டிக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க.”

கல்லடியில் மாசாணன் காத்திருந்தார். ஜம்ரூத் தழையை எடுத்தாள். “கருமணி நீலன் கண்டேன்,” என்றாள். மாசாணன் நிமிர்ந்து நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

நாச்சிமுத்து கல்லைப் பார்க்காமல் சொன்னார்: “ஒண்ணும் காங்கல.”

நாளைக்கே வந்து எடுக்கலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. ஒரு பள்ளத்தின் உரிய உயிரைக் கண்டதாகச் சொல்லி இணைச்சாட்சி மறுத்துவிட்டால், படம் செய்யப்பட்டதோ என்ற சந்தேகத்தில் எடுத்தவரின் பெட்டியை ஒரு வருஷம் பூட்டிவிடுவார்கள் என்பது விதியில் எங்கோ கீழே இருந்தது. அவர் படித்ததில்லை. ஜோடி உடைந்தது. மாற்று ஜோடி கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. புதிய ஜோடிக்காரரோடு இரண்டு முறை இறங்கினார். கொடி இருந்தது. தளிர் முற்றிவிட்டிருந்தது. நீலன் இல்லை. தை முடிந்தது. பதிக்கு நோட்டீஸ் போயிற்று: பங்குனி முதல் தேதி மூங்கில்பள்ளம் காலி என்று உத்தரவாகும், ஆட்சேபம் இருந்தால் அதற்குள் தெரிவிக்கவும்.

டீக்கடையில் இப்போது வேறு பேச்சு. “மேட்சிங் சென்டர்காரியாச்சே. பட்டாம்பூச்சிக்கும் மேட்சிங் பண்ணிப் போட்டிருக்கறா!”

அன்று நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அப்படிப் பேசாதீங்க என்றும் சொல்லவில்லை.

மாசியில் ஒரு பிற்பகல். கடையில் ஆளில்லை. ஜம்ரூத் வந்து கண் பரிசோதிக்கும் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“கண்ணை டெஸ்ட் பண்ணுங்கண்ணே.”

“என்னாச்சும்மா?”

“போன வாரம் ஒரு கல்யாணப்பொண்ணுக்கு ஜாக்கெட் பிட்டு எடுக்கறேன். கையில எடுத்துட்டேன், சரியான கலருதான். ஆனா நெசமாவே சரிதானான்னு ஒரு பயம். வச்சுட்டு வேற எடுக்கறேன். மறுபடி அதையே எடுக்கறேன். முக்கா மணிநேரம். முதலாளி பாத்துட்டே இருந்தாரு.” அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். “நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப என்ர கண்ணுதான பொய் சொல்லியிருக்கோணும்?”

நாச்சிமுத்து விளக்கைப் போட்டார். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் அவள் தடங்கலில்லாமல் படித்தாள். நிறப்புள்ளி அட்டைகளை நீட்டினார். அவர் அட்டையைத் திருப்பி முடிப்பதற்குள் எண்ணைச் சொன்னாள். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு ஜோடிக் கண்ணை அவர் பார்த்ததில்லை. மாவு மாதிரி ஒரு மங்கல்கூட இல்லை. ஆண்டவன் ஆசை ஆசையாகச் செய்த கண்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா.”

“அப்ப இது?” அவள் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கருமணி நீலன், தை பன்னிரண்டு என்று எழுதி, பக்கத்தில் ஒரு துண்டுத் துணி ஒட்டியிருந்தது. “நாலு கடை ஏறி எறங்கி இந்தப் பீஸைத் தேடினேன். இதாட்டத்தான் இருந்துது. இல்லாததுக்கா இத்தனை தேடினேன்? கிழிச்சுரட்டுமாண்ணே?”

அவர் அந்தத் துணியைப் பார்த்தார். அதே நீலம். வானமும் இல்லை, மயில்கழுத்தும் இல்லை, தளிரின் நுனியில் அவர் கண்ட அதே நீலம். அச்சுப் பிசகவில்லை.

“கிழிக்காத,” என்றார். நோட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். சொல்லிவிடலாம். ரெண்டே வார்த்தை. ஆனால் சொன்ன பிறகு அவள் தன்னைப் பார்க்கப்போகும் பார்வையை அவரால் தாங்க முடியாது என்று தோன்றியது.

“பவர் இல்லாத கண்ணாடியாச்சும் ஒண்ணு குடுங்கண்ணே. போட்டிருந்தா ஒரு தைரியமா இருக்கும்.”

ஆண்டவன் பழுதில்லாமல் செய்த கண்களின் மேல் அவர் தன் கையாலேயே வெறும் கண்ணாடியை மாட்டிவிட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சங்கத்து அலுவலகத்தில் அவருக்கு வேலை இருந்தது. இருநூறு கண்டவர்களுக்குச் சான்றிதழ் தருவார்கள். அதற்கு முழுப் பட்டியலையும் வரி வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அங்கே வேலை பார்க்கும் பிரபாவதி திரையைத் திருப்பி வைத்தாள்.

“மொதல் வரி, சின்ன மஞ்சளன். இணைச்சாட்சி தமயந்தி, வயசு ஆறு. அப்பெல்லாம் சொந்தக்காரங்க, குழந்தைங்க சாட்சியும் செல்லுமாட்டிருக்குதுங். அழகா இருக்குது.” வரிகளை ஓட்டிக்கொண்டே வந்தாள். “இருநூறாவது, மழைக்கருப்பன். இதுல ஒரு சின்ன விசயம்ங். உங்க இணைச்சாட்சியோட கண்முத்திரை ஒன்பது விநாடி முந்தியே விழுந்திருக்குது.”

“முந்தின்னா?”

“அந்தம்மா உங்களுக்கு ஒன்பது விநாடி முன்னாடியே அதைப் பாத்துட்டாங்க. ஷட்டரை அமுத்தாம சும்மா நின்னிருக்காங்க. ஆனா ரூல்படி படம் எடுத்தவர் பேருதான். உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லீங், கையெழுத்துப் போடுங்க.”

நாச்சிமுத்து பேனாவைப் பிடித்தபடி இருந்தார். ஒன்பது விநாடி. பட்டாம்பூச்சி எப்போது வேண்டுமானாலும் பறந்துவிடும் ஒன்பது விநாடி. அசையாமல் நின்ற அந்த முதுகு நினைவுக்கு வந்தது. இவளுக்கு என்ன ஆச்சு என்று அவர் திரும்பிப் பார்த்ததே அவள் நின்ற நிலையைக் கண்டுதான். வாய் திறந்து சொன்னால் அவருக்குக் கௌரவக் குறைச்சலாகிவிடும் என்று, பேசாமல் நின்றே காட்டியிருக்கிறாள். பிறகு கையும் தட்டியிருக்கிறாள்.

“ஏம்மா,” என்றார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு. “ஒருத்தர் காணலைன்னு அமுத்திட்டு, அப்புறம் கண்டேன்னு மாத்தோணும்னா?”

“மறுசாட்சிங்களா? நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள அதே எடத்துக்குப் போயி அதே பெட்டியில மாத்தலாம். அன்னிக்கு விழுந்த கண்முத்திரை பெட்டிக்குள்ளயேதான் இருக்கும். ஒத்துப்போச்சுன்னா பதிவு ஏறிடும், எடுத்தவங்க பெட்டிப் பூட்டும் தெறந்துரும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா யாருங்க மாத்துவாங்க? தெரிஞ்சே மறுத்தவரோட சொந்தப் பட்டியல் முழுசா அழிஞ்சுரும். ஒண்ணுவிடாம. பெட்டியும் நிரந்தரமாச் செத்துரும். பேரை மட்டும் வெளிய விட மாட்டாங்க. பயந்துட்டு யாரும் மாத்தாமப் போயிருவாங்கன்னு.”

“ரூல் எழுதினவங்க நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க.”

“கையெழுத்துங்?”

“கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குதும்மா. இன்னொரு நாள் வர்றேன்.”

நாற்பத்தைந்து நாள் முடிய நான்கு நாள் பாக்கி. மறுநாள் கடை ஷட்டரைத் தூக்கவில்லை. கந்தன் படத்துக்குப் பூ மட்டும் வைத்தார். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

பதியில் யாருமில்லை. எல்லோரும் ஆட்சேப மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார்கள். மாசாணன் வீட்டு வாசலில் பாத்திரங்கள் சாக்கில் கட்டி வைத்திருந்தன. நாச்சிமுத்து ஒரு கொத்துத் தழை ஒடித்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மூங்கிலுக்குப் பின்னால், கொடியின் முன்னால், பெட்டியைக் கண்ணில் வைத்தார். தை பன்னிரண்டைத் தேடி எடுத்தார். பெட்டி அதே கேள்வியைக் கேட்டது. கீழே சின்ன எழுத்தில் எச்சரிக்கை: உமது பதிவுகள் அனைத்தும் நீக்கப்படும். சம்மதமா?

ஒரு தடவை, ஒரே தடவை, முதல் வரியைத் திறந்து பார்த்தார். சின்ன மஞ்சளன். அதன் மேல் ஓரத்தில் கவனக்குறைவாக விழுந்திருந்தது ஒரு குழந்தையின் விரல்நுனி.

மூடினார். கண்டேன் என்று அமுக்கினார்.

பெட்டி சிறிது நேரம் யோசித்தது. அன்றைய அவருடைய கண்மணியைத் தானே தேடி எடுத்து ஒத்துப்பார்த்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

கருமணி நீலன். கண்டவர்: ஜம்ரூத் பேகம். இணைச்சாட்சி: உண்டு. மூங்கில்பள்ளம்: உயிர் உண்டு.

அந்த எழுத்துகள் நான்கைந்து விநாடிகள் நின்றன. பிறகு இருநூறு வரிகளும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அணைந்தன. மழைக்கருப்பன் முதலில் போயிற்று. மஞ்சளன் கடைசியாக. திரை கறுத்தது. அதில் அவர் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

செத்த பெட்டியைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தார். கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதை வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார். வயசாச்சுங்க, கண்ணு முந்தி மாதிரி இல்லீங்க, விட்டுட்டேன். ஜம்ரூத்திடம் சொல்லவும் ஒன்று வைத்திருந்தார். மிசினு கோளாறும்மா, இப்பத்தான் சரியாகியிருக்கும். அந்தக் கண்ணாடியைக் கழட்டிப் போடு, உன்ர கண்ணுக்கு அது பாரம். முதல் பாதி பொய்தான். அதை ஆண்டவன் மன்னிப்பார் என்று நம்பினார்.

திரும்பி நடந்தார். வெயில் ஏறியிருந்தது. பாதை முகப்பில் கல் தனியாக நின்றது. அதன் மேல் அவர் வைத்த தழை கொஞ்சம் வாடியிருந்தது. முன்னாலும் பின்னாலும் பார்த்தார். ஆள் இல்லை. ஒரு காக்கைகூட இல்லை.

செருப்பைக் கழற்றினார். தழையைக் கையில் எடுத்தார்.

“தை பன்னெண்டு,” என்றார். பின்னால் வருகிறவருக்குக் கேட்க வேண்டிய அளவு சத்தமாக மறுபடி தொடங்கினார். “தை பன்னெண்டு. கருமணி நீலன் கண்டேன். அந்தப் பொண்ணு மொதல்ல கண்டுது. நான் ரெண்டாவது கண்டேன்.”

தழையை ஓரமாகப் போட்டார். தோளில் பை இருந்தது. அதற்குள் பெட்டியும் இருந்தது. ஆனாலும் வந்ததைவிட லேசாக இருந்தது நடை. பஸ் வர இன்னும் நேரமிருந்தது.